தாத்தாவின் மொரிஸ் மைனர்: என்ஜினை மாற்றுவதா, திருத்துவதா?

கேள்வி: எங்கள் தாத்தா தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். 1970களில் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் அவர் வாங்கிய 1951 மொரிஸ் மைனர் இன்னும் எங்கள் வீட்டில் நிற்கிறது. சைட் வால்வ் என்ஜின். தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறினால் நானுஓயா வருவதற்குள் தண்ணீர் கொதிக்கிறது. இறக்கத்தில் விட்டுவிட்டு மறுபடி மிதித்தால் நீலப் புகை வருகிறது. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய இடத்துக்கு இப்போது இரண்டாவது தேவைப்படுகிறது. இங்குள்ள பாஸ் ஒருவர், “இது செத்த என்ஜின், டொயோட்டா 4கே ஒன்று போடுவோம்” என்கிறார். தாத்தாவின் என்ஜினில் யாரும் கை வைக்கக் கூடாது என்கிறார் அப்பா. வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். அவளை இந்தக் காரில்தான் அழைத்துப் போக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. என்ன செய்யலாம்?
– தலவாக்கலை வாசகர்

பதில்:

தம்பி, அந்த பாஸ் “செத்த என்ஜின்” என்று சொல்லுமுன் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பொனட்டைத் தூக்கி, சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்துச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. இன்று கராஜ்களில் வேலை செய்யும் பையன்களில் பாதிப் பேர் சைட் வால்வ் என்ஜின் ஒன்றைத் திறந்ததே கிடையாது. தெரியாததைத் திருத்துவதைவிடத் தெரிந்ததைத் தூக்கி வைப்பது அவர்களுக்குச் சுலபம். ஆனால் நீங்கள் எழுதிய மூன்று குறைகளில் ஒன்றுகூட என்ஜின் செத்ததற்கு அத்தாட்சி ஆகாது. கொதிப்புக்கு ஒரு காரணம் இருக்கும், புகைக்கு வேறொன்று இருக்கும். இழுவை குறைந்ததில் இரண்டுக்கும் பங்கு இருக்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெட்டைக் கழற்றி, போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) அளந்து, புளொக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் அடி வார்ப்பில்) வெடிப்பு உண்டா என்று பார்க்கும்வரை எந்த என்ஜினுக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள். புளொக் நன்றாக இருந்தால் திருத்துங்கள். வெடித்திருந்தால் மாற்றலாம், ஆனால் 4கே வேண்டாம்.

உங்களிடம் இருப்பது என்ன வண்டி என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. மைனர் 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அவர் அதற்கு நினைத்து வைத்திருந்தது இரண்டு பக்கமும் படுத்திருக்கும் நாலு சிலிண்டர் என்ஜின். அது கைகூடாமல் போகவே, மொரிஸ் எய்ட் காரில் ஓடிக்கொண்டிருந்த 918 சீசீ சைட் வால்வ் என்ஜினை எடுத்துப் போட்டார்கள். பொனட்டைத் திறந்தால் என்ஜினின் இரண்டு பக்கமும் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, அது வராமல் போன அந்த என்ஜினுக்கு விட்ட இடம். அந்த இடத்தைப் பார்த்துத்தான் எல்லா பாஸுக்கும் வேறு என்ஜின் வைக்கிற ஆசை வருகிறது. 1952 இலிருந்து கம்பனியே இதைக் கைவிட்டு 803 சீசீ மேல் வால்வ் என்ஜினுக்கு மாறத் தொடங்கியது. ஆக உங்கள் வண்டி சைட் வால்வ் காலத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று.

அமெரிக்காக்காரன் பிளாட்ஹெட் என்பதும் நாம் சைட் வால்வ் என்பதும் ஒன்றுதான். வால்வ் எல்லாம் ஹெட்டில் இல்லாமல், சிலிண்டருக்குப் பக்கத்தில், புளொக்குக்குள்ளேயே தலை மேலாக நிற்கும். ஹெட் என்பது சட்டிக்கு மூடி மாதிரி, உள்ளே தண்ணீர் ஓடும் ஓர் இரும்புப் பலகை. அசையும் பாகம் அதில் ஒன்றும் இல்லை. இதனால் ஒரு நன்மை, ஒரு தீமை. நன்மை, பழகிய கை என்றால் ஒரு மணித்தியாலத்தில் ஹெட்டைத் தூக்கி உள்ளே பார்த்துவிடலாம். தீமை, எரிந்த புகை சைலன்சருக்குப் போகும் வழி புளொக்கைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதன் சூடு முழுவதையும் சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் வாங்க வேண்டும். எனவே சைட் வால்வ் என்ஜின் எப்போதும் கொஞ்சம் சூட்டு உடம்பு. அதன் தண்ணீர் ஓட்டத்தில் சின்னக் குறை வந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது நம் மலை. தலவாக்கலை ஏறக்குறைய 1200 மீட்டரில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீட்டரில். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கம்பனி இந்த என்ஜினுக்குச் சொன்ன சக்தி 27.5 குதிரைவலு. புத்தம்புதிதாக இருந்தாலும் நுவரெலியாவில் அது 22 அளவுக்குத்தான் நிற்கும். தண்ணீரும் அங்கே 100 பாகையில் கொதிப்பதில்லை, 94 பாகையிலேயே கொதித்துவிடும். இந்தக் கால வண்டிகளின் ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. உங்கள் மைனரின் மூடி அப்படிப்பட்டதில்லை. ஆக கொழும்பில் கொதிக்காத அதே என்ஜின் நானுஓயாவில் கொதிக்கும். பாதிக் குற்றவாளி மலைதான்.

மீதிப் பாதியைத் தேடுவோம். இந்த வண்டிகளில் பலவற்றுக்கு வாட்டர் பம்ப் கிடையாது. சுடுதண்ணீர் தானாக மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறிக் கீழே இறங்கும், அடி ஹோஸ் வழியாகத் திரும்பி புளொக்குக்குள் போகும். அடுப்பில் வைத்த பானைக்குள் தண்ணீர் சுற்றுகிற அதே சங்கதி. பிந்திய சில என்ஜின்களில் பம்ப் உண்டு. உங்களுடையதில் காற்றாடிக்குப் பின்னால் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் வாய்க்கு மேலே தண்ணீர் நிற்க வேண்டும். மட்டம் அந்த வாய்க்குக் கீழே ஒரு விரல் இறங்கினாலும் சுற்று அறுந்துபோகும். ரேடியேட்டரில் தண்ணீர் முக்கால்வாசி இருக்கும், என்ஜின் மட்டும் கொதிக்கும். ‘தண்ணிதான் இருக்கே’ என்று வண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

மட்டம் சரியாக இருந்தும் கொதித்தால், வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவந்து நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பாருங்கள். மேலே அதிகச் சூடாகவும் கீழே வரவரக் குறைவாகவும் இருந்தால் சரி. நடுவில் ஓரிடம் திட்டுத் திட்டாகக் குளிர்ந்து கிடந்தால் அங்குள்ள குழாய்கள் அடைத்துவிட்டன. பீலித் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் எழுபது வருடமாக ஊற்றிய ரேடியேட்டர் அடைக்காமல் இருந்தால்தான் அதிசயம். அதைக் கழற்றி, மேல் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யக் கொடுங்கள். வெறுமனே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதாது.

புளொக்கையும் விடக் கூடாது. பக்கத்திலுள்ள வட்டமான தகட்டு மூடிகளை (கோர் பிளக் என்போம்) தட்டி எடுத்துவிட்டு உள்ளே விரலை விடுங்கள். கொட்டகலைப் பக்கமிருந்து ஒருமுறை ஒரு மைனர் வந்தது. இரண்டு கராஜில் இரண்டு ஹெட் கெஸ்கட் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் வைக்கும் தகடு) மாற்றியும் கொதிப்பு நிற்கவில்லை என்றார்கள். கடைசிச் சிலிண்டரின் பக்கம் இருந்த மூடியை எடுத்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உள்ளே ஈரத் தேயிலைத் தூள் மாதிரி கறுத்த செம்மண் நிறத்தில் துருச்சேறு இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்திக் குத்தி எடுத்ததில் ஒரு மீன் டின் நிறைந்தது. அதற்குப் பிறகு அந்த வண்டி இறம்பொடை ஏற்றத்தையே கொதிக்காமல் ஏறியது. ரிங்கையோ பிஸ்டனையோ நான் தொடவே இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ரேடியேட்டர் வாயில் என்ஜின் ஓடும்போது குமிழி குமிழியாக வந்தால் அது வேறு கதை. சிலிண்டரிலிருந்து காற்று தண்ணீருக்குள் போகிறது. கெஸ்கட் போயிருக்கும், அல்லது புளொக் வெடித்திருக்கும்.

இனி புகை. மேல் வால்வ் என்ஜின் ஒன்று இறக்கம் முடிந்து மிதிக்கும்போது நீலமாகப் புகைத்தால் வால்வ் கைட் (வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தேய்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒயில் மேலேயிருந்து வால்வ் தண்டு வழியாக வடிகிறது. உங்கள் என்ஜினில் வால்வ் கைட் கீழே இருக்கிறது, ஒயில் தானாக மேலே வடியாது. கைட் ரொம்பவே தேய்ந்திருந்தால் உறிஞ்சி எடுக்கும், அதுவும் உண்டு. ஆனால் என் முதல் சந்தேகம் பிஸ்டன் ரிங்கின் மீதுதான். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று கொம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். மலையில் அந்த மீட்டர் எப்போதும் குறைத்தே காட்டும், புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதை மட்டும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குறைந்தால் இடையில் கெஸ்கட் எரிந்திருக்கும். பிளக் ஓட்டையில் ஒயில் விட்டு மறுபடி பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சைட் வால்வில் அதை அப்படியே நம்ப முடியாது. பிளக்குக்கு நேர் கீழே பிஸ்டன் இருப்பதில்லை, பெரும்பாலும் வால்வ்தான் இருக்கும். விட்ட ஒயில் வால்வின் மேல் விழுந்து அதன் கசிவையும் கொஞ்ச நேரம் மூடிவிடும். காற்றடித்துப் பார்ப்பது நல்லது. காபரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வ், சைலன்சரில் சீறினால் எக்சோஸ்ட் வால்வ், ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்.

சரி, ஹெட்டைத் தூக்குவோம். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். வேலை பழகிய காலத்தில் ஒரு போர்ட் பிரிபெக்ட் வந்தது, அதுவும் சைட் வால்வ், 1172 சீசீ. ஹெட் அசையவில்லை. பெரிய பாஸ் சாப்பிடப் போயிருந்தார். நான் கெஸ்கட் இடுக்கில் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். ஹெட் கழன்றது, கூடவே புளொக்கின் முகத்தில் நகக்கண் அளவு ஒரு சில்லும் பெயர்ந்தது. அதைச் சரிசெய்ய அந்த வண்டிக்காரரும் நானும் பட்ட பாடு தனிக் கதை. உளி, திருப்புளி ஒன்றும் அந்த இடுக்கில் போகக் கூடாது. நட்டையெல்லாம் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, பிளக்கைப் போட்டபடியே என்ஜினைக் கையால் சுற்றுங்கள். உள்ளே அமுங்கும் காற்றே ஹெட்டைக் கிளப்பிவிடும். அப்படியும் வராவிட்டால் ஸ்டட்டைச் சுற்றி துருவைக் கரைக்கும் ஒயிலை விட்டு ஓரிரவு விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்டட் முறியும்.

ஹெட் வந்ததும் முதலில் வால்வ் இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள மெல்லிய பாலத்தைத் துடைத்து, வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். சைட் வால்வ் புளொக் வெடிப்பது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் பலமுறை கொதித்த என்ஜினில். மயிரிழை மாதிரி ஒரு கோடு இருக்கும். சந்தேகம் என்றால் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே சோக்குத் தூள் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து கோடு தெரியும். அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்த என்ஜினின் ஆயுள்.

பிறகு போர். சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து மேலே இழுங்கள். படி மாதிரி ஒன்று தடுக்கினால் அதுதான் தேய்மானம். ரிங் போய் வந்த இடம் தேய்ந்திருக்கிறது, அதற்கு மேலே உள்ளது தேயவில்லை. அளப்பதற்கு நகம் போதாது. டயல் கேஜ் உள்ள ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்காகவும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த என்ஜினின் போர் புதிதில் 57 மில்லிமீட்டர். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் ஐந்தாறு தவுக்குள் என்றால் (தவு என்று நாங்கள் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை) என் கணக்கில் புது ரிங் மட்டும் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். அப்படிச் செய்தால் அந்தப் படியை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் புது ரிங் போட்டால் அதன் கூர்மையான விளிம்பு படியில் இடித்து ஒரே வாரத்தில் உடையும். எட்டுத் தவுவைத் தாண்டிவிட்டால் ரிங் போடுவது காசைக் கரியாக்குவது. போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போடுங்கள்.

போர் அடிப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் இதுதான் முக்கியம். பிஸ்டன் உங்கள் கையில் வந்து சேரும்வரை புளொக்கை லேத்துக்கு அனுப்பாதீர்கள். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு லேத் கடைக்கு இதே மாதிரி புளொக் ஒன்றை அனுப்பினேன். பிஸ்டன் வருமட்டும் தொடக் கூடாது என்று சொல்லியும் அனுப்பினேன். சும்மா கிடக்கிறதே என்று அவர்கள் 40 ஓவர்சைசுக்கு (புதிதில் இருந்ததைவிட 40 தவு பெரிதாக) அடித்துவிட்டார்கள். வந்த பிஸ்டனோ 30. கடைசியில் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாயை இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவந்து, மறுபடி போர் அடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு தடவைக் கூலி என் தலையில். பிஸ்டன் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும். அங்கே மைனருக்கென்றே கடைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை நம் நாட்டிலேயே செய்து அங்கே அனுப்பினார்கள், தெரியுமா? மட்காட்டுக்கு நம்மைத் தேடினார்கள், பிஸ்டனுக்கு நாம் அவர்களைத் தேடுகிறோம்.

சம்பை (அடியிலுள்ள ஒயில் தொட்டியை) கழற்றும்போது பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். கழற்றி மாற்றும் ஷெல் பேரிங் என்றால் கிரேங்கை அளந்து, தேவையென்றால் கிரைண்ட் செய்து, அந்த அளவுக்கு ஷெல் வாங்கலாம். நான் சொன்ன பழைய போர்டில் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றியிருக்கும், அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். உங்கள் வண்டியில் இடையில் யார் எதைப் போட்டார்கள் என்று திறந்தால்தான் தெரியும்.

வால்வ் வேலை இந்த என்ஜினில் எனக்குப் பிடித்தது. இடத்திலேயே வைத்துச் செய்யலாம். வால்வுக்குக் கீழேயுள்ள வழியில் பழந்துணியைத் திணித்து, ரப்பர் கோலை வால்வ் தலையில் ஒட்டி, பசையைத் தடவி, உள்ளங்கைகளுக்கிடையில் மத்துக் கடைவது மாதிரிக் கடைய வேண்டும். நடுநடுவே தூக்கிக் கால் சுற்றுத் திருப்பி வைத்துக் கடையுங்கள். கரகர சத்தம் போய் வழவழவென்று வரும்போது துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிற வளையம் எங்கும் அறுபடாமல் ஓடியிருக்கும். அதுதான் கணக்கு. பசை ஒரு பொட்டுக்கூட உள்ளே தங்கக் கூடாது. டெப்பட் இடைவெளி (வால்வ் தண்டுக்கும் அதைத் தள்ளும் டெப்பட்டுக்கும் இடையில் விடும் சின்ன இடம்) வைப்பது மட்டும் கொஞ்சம் எரிச்சல் பிடித்த வேலை. மூடி மெனிபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, கை நுழைய இடமில்லை. முழங்கையில் தோல் உரியாமல் அந்த வேலையை முடித்தவரை நான் பார்த்ததில்லை.

ஈயமில்லாத பெற்றோல் வால்வ் இருக்கையைத் தின்றுவிடுமே என்று யாராவது பயமுறுத்துவார்கள். 2002 இலிருந்து நம் நாட்டில் ஈயமில்லாத பெற்றோல்தான், உங்கள் கார் அதில்தான் இத்தனை வருடமும் ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் என்ஜின் இது. வருடத்துக்கு ஒருமுறை டெப்பட் இடைவெளியை அளந்தால் போதும். அது குறைந்துகொண்டே போனால் மட்டும் இருக்கையைக் கவனியுங்கள். புது இருக்கை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்ன அந்த மெல்லிய பாலம் அதை வெட்டும்போதே வெடித்துப் போகலாம். 95 ஒக்டேனும் தேவையில்லை. இவ்வளவு குறைந்த கொம்ப்ரஷனுக்கு 92 தாராளம்.

இனி புளொக் வெடித்துத்தான் போயிருந்தால் என்ன செய்வது என்று பார்ப்போம். 4கே மோசமான என்ஜின் இல்லை. 1290 சீசீ, பாகம் எங்கும் கிடைக்கும், என் கராஜிலேயே இரண்டு நிற்கின்றன. கவலை உங்கள் வண்டியைப் பற்றியது. மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்பே சேசிஸ். டொயோட்டா கியர்பொக்ஸை நுழைக்கத் தரையை வெட்டுவார்கள். தரைக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தில்தான் முன் சில்லுகளைத் தாங்கும் டோர்ஷன் பார்களின் பின்முனை பூட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தை வெட்டி, இங்கொன்றும் அங்கொன்றுமாக வெல்டிங் வைத்த இரண்டு மைனர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் ஓட்டுநர் பக்கக் கதவு மேட்டில் ஏறும்போது தானாகத் திறந்துகொள்ளும். அடுத்தது பிரேக். உங்கள் வண்டிக்கு ஏழு அங்குல டிரம். கம்பனி 1962 இல் 1098 சீசீ என்ஜினைப் போட்டபோது முன் டிரம்மை எட்டு அங்குலமாக்கியது. சும்மா ஆக்கவில்லை. ஏற்றத்தில் கிடைக்கும் வேகத்தை இறக்கத்தில் யார் பிடிப்பது? நானுஓயாவிலிருந்து ராதெல்ல குறுக்கு வழியில் ஒருமுறை இறங்கிப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் மாற்றத்தான் வேண்டுமென்றால், மைனரின் சொந்தக்கார என்ஜினையே போடுங்கள். பிந்திய மைனர் 1000 இல் வந்த 948 சீசீ என்ஜின் போதும். அதன் கியர்பொக்ஸ், மவுண்ட், கியர்பொக்ஸைத் தாங்கும் சட்டம், ரேடியேட்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து சேர்த்தே வாங்க வேண்டும். தனித்தனியாகப் பொறுக்கினால் ஒன்றோடொன்று சேராது. உங்கள் டிபரன்ஷியல் விகிதமும் 948 வண்டியின் விகிதமும் ஒன்றுதான், 4.55க்கு 1. அங்கே கை வைக்கத் தேவையில்லை. 1098 கிடைத்தால் எட்டு அங்குல டிரம்மையும் சேர்த்துப் போடுங்கள். தகடு எதையும் வெட்டக் கூடாது. பழைய என்ஜினை விற்கவும் கூடாது. ஒயில் பூசி, பொலித்தீன் சுற்றி, ஒரு மூலையில் வையுங்கள்.

என்ஜின் மாற்றினால் எழுத்து வேலையும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் என்ஜின் இலக்கம் இருக்கிறது. மாற்றியதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த வேண்டும். அதற்கு வாங்கிய என்ஜினின் பற்றுச்சீட்டும் உறுதிப்பத்திரங்களும் தேவை. காகிதம் இல்லாத என்ஜினை மலிவு என்று வாங்காதீர்கள். நாளைக்கு விற்கும்போதோ விபத்து ஒன்று நடக்கும்போதோ அது உங்கள் கழுத்தைப் பிடிக்கும். பழைய என்ஜினைத் திருத்தினால் இந்த அலைச்சலே இல்லை. ஸ்ரீ வருவதற்கு முந்தைய ஆங்கில எழுத்து நம்பரும் அந்த நம்பரோடு பதிந்த என்ஜினும் சேர்ந்திருக்கும் வண்டிக்கு வாங்குபவரிடம் மதிப்பே வேறு. நீங்கள் விற்கப் போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கல்யாணத்துக்கு வருவோம். பிஸ்டன் கடல் கடந்து வர வேண்டியிருக்கலாம், லேத்தில் வரிசை இருக்கலாம். அதனால் தைப்பொங்கல் முடிந்த கையோடு ஹெட்டைத் தூக்கிவிடுங்கள். பூட்டிய பிறகு முதல் 800 கிலோமீட்டருக்கு வண்டியை மெதுவாகப் பழக்க வேண்டும். மெதுவாக என்றால் பெரிய கியரில் முக்கி முனகி ஏறுவது என்று அர்த்தமில்லை. என்ஜின் திணறுமுன் கியரைக் குறைத்துவிடுங்கள். ஒருமுறை ஓடிச் சூடாகி ஆறியதும் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மறுபடி இறுக்க வேண்டும். முதல் ஒயிலை 500 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். சாதாரண 20டபிள்யூ-50 போதும். ஒத்திகை ஓட்டத்துக்கு ஏப்ரல் சீசனில் நுவரெலியா போகாதீர்கள். கிரகரி வாவிப் பக்கம் வாகனங்கள் நத்தை மாதிரி ஊரும்போது பம்ப் இல்லாத எந்த என்ஜினும் கொதிக்கும், நீங்கள் வீணாக என்னைத் திட்டுவீர்கள்.

வைகாசி என்றால் மழையும் வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் வயர்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், பழையது ஈரம் பட்டதும் படுத்துவிடும். காபரேட்டர் எஸ்யு என்றால் நுவரெலியா உயரத்தில் கலவை கொஞ்சம் கெட்டியாகும், பிளக் கறுத்தால் அடி நட்டை ஒரு முகம் மேலே திருப்பினால் சரி. அன்றைக்கு வண்டியில் அக்காவும் இன்னும் ஒருவரும் மட்டும் ஏறட்டும், மிச்சப் பேர் வேனில் வரட்டும். லிந்துலை தாண்டியதும் இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். வழியில் கொதித்தே விட்டால் மூடியைத் திறக்காதீர்கள், சூட்டோடு பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், அதுதான் புளொக்கை வெடிக்க வைக்கும். அரை மணித்தியாலம் நின்றால் முகூர்த்தம் ஓடிவிடாது. அதையும் கணக்கில் வைத்து முன்னதாகவே புறப்படுங்கள்.

ஒரு வேலையை இன்றைக்கே செய்யலாம். உங்கள் தாத்தா பெரிய கிளாக்கர் என்று எழுதியிருந்தீர்கள். கிளாக்கர் வீட்டில் கார் செலவு பில் எல்லாம் கோத்துவைத்த ஃபைல் ஒன்று இல்லாமல் இருக்காது. அப்பாவிடம் கேட்டு அதைத் தேடுங்கள். முன்பு எப்போதாவது போர் அடித்திருந்தால் எத்தனை ஓவர்சைஸ் என்று அந்த பில்லில் இருக்கும். பில் கிடைக்காவிட்டால் ஹெட்டைத் தூக்கியதும் பிஸ்டனின் தலையில் படிந்த கரியைத் துடைத்துப் பாருங்கள், 20, 30, 40 என்று ஏதாவது எண் பொறித்திருக்கும். ஏற்கெனவே 60 என்று இருந்தால் இனிமேல் வெட்டச் சதை இல்லை, ஸ்லீவ்தான் வழி. அந்த எண்ணையும் நாலு சிலிண்டரின் அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பிஸ்டனுக்கு ஓடர் கொடுக்குமுன் அனுப்ப வேண்டும்.